தேயிலைக்குள் கிடந்த ஒன்பது தகரம்

பெரியாயிக்குக் கோபம் வந்தால் முதலில் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகுவாள். பிறகுதான் வாய் திறக்கும். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு நவம்பரில் அவள் செருகிய செருகலில், தீபாவளிக்கு எடுத்த சேலையின் ஓரம் கிழிந்தே போனது.

இலங்கை மலையகத்து நமுனுகுல டவுனில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு படிக்கட்டு இறங்கும். அதன் அடியில் மூன்று அறைகள் ஒரே வரிசையாக, தகரக் கூரையோடு இருந்தன. பார்க்கிறவர்கள் தோட்டத்து ஆட்களுக்குக் கட்டிக்கொடுக்கும் லயம் என்றுதான் நினைப்பார்கள். அப்படி யாராவது சொல்லிவிட்டால் அவளுக்குப் பொறுக்காது. "லயம்னா தோட்டத்துக்காரனோடது. இது என்னோடது" என்பாள். அதைச் சொல்ல அவளுக்கு உரிமையும் இருந்தது. முப்பத்து நான்கு வருஷம் கொழுந்து பறித்தவள். புருஷன் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை கிடையாது. வேலையை விட்டபோது கைக்கு வந்த பணத்துக்கு ஆளுக்கொரு வழி சொன்னார்கள். மாடு வாங்கு என்றான் ஒருவன். சீட்டில் போடு என்றாள் இன்னொருத்தி. பெரியாயி யாருக்கும் காது கொடுக்காமல், தொண்ணூற்று நாலில் அந்தத் துண்டு நிலத்தை வாங்கி, கல்லும் சீமெந்துமாய் மூன்று அறை எழுப்பினாள். முதல் அறையில் அவள். நடு அறையும் கடைசி அறையும் வாடகைக்கு. வாழ்நாள் முழுதும் அடுத்தவன் கூரைக்குக் கீழே படுத்தவள், இப்போது இரண்டு குடும்பத்துக்குக் கூரை கொடுக்கிறவள் ஆனாள். அந்த எண்ணத்தில் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது உண்மைதான். ஏறட்டுமே, சும்மாவா வந்தது?

இடத்தில் ஒரு குறை மட்டும் இருந்தது. கடைசி அறைக்கு அப்பால் நிலம் சரிந்து தேயிலைக்குள் இறங்குகிறது. எதிரே மலை. பள்ளத்திலிருந்து கிளம்பி மேலே வருகிற காற்று முதலில் கைவைப்பது அந்த அறையின் தகரத்தில்தான்.

காற்றும் தகரமும் அந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் புதிதல்ல. வருஷத்துக்கு இரண்டு வீடாவது கூரை இழக்கும். அதற்கு அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. எங்கேயாவது தகரம் பறந்தால் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. சத்தம் கேட்டவர்கள் சுத்தியலோடு வருவார்கள். ஆம்பிளைகள் மேலே ஏறுவார்கள், பெண்கள் தேயிலைக்குள் இறங்கித் தகரம் தேடுவார்கள். ஒவ்வொரு தகரத்தின் அடியிலும் சொந்தக்காரரின் அடையாளம் தாரால் எழுதியிருக்கும், ஆகையால் இரண்டு மலை தள்ளி விழுந்தாலும் வீடு வந்து சேர்ந்துவிடும். கடைசி ஆணி இறங்கும்வரை ஒருவரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள். விடியற்காலையில் கூரை போனால் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக் கூடத் தாமதமாகத்தான் போவார்கள். பேர் பதிகிற கங்காணியும் ஒன்றும் கேட்கமாட்டார். அவர் வீட்டுக் கூரையும் தகரம்தானே. கூலி என்ற பேச்சே கிடையாது.

தொண்ணூற்று ஒன்பதில் பெரியாயியின் கடைசி அறைக் கூரை முதல்முறை போனபோதும் அப்படித்தான் வந்தார்கள். தோட்டத்துத் தொழிற்சாலையில் தச்சு வேலை பார்க்கும் பொன்னையாதான் எப்போதும் முன்னால் வருகிறவன். அவன் ஏறினான், ஆறு பேர் கூட ஏறினார்கள், பொழுது சாயுமுன் வேலை முடிந்தது. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, மறுநாள் தண்ணீர்ப் பைப்படியில் பொன்னையாவின் பெண்சாதி ரெங்கம்மா வாயைத் திறக்கும்வரை.

"லயத்துல கூரை போச்சுன்னா நம்ம எல்லாத்துக்கும் உள்ளது. வாடகை வாங்குற வீட்டுக்கும் எங்க வீட்டு ஆம்பள ஓசியிலயா ஏறணும்?" என்றாள் ரெங்கம்மா. பெரியாயியைப் பார்த்துச் சொல்லவில்லை, குடத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் குடத்துக்கா வாடகை வருகிறது?

அந்தச் சொல் பெரியாயிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கேட்டதில் நியாயம் இருந்ததுதான் அவளுக்குக் கூடுதல் எரிச்சல். பொய்யாக இருந்தால் அங்கேயே நாலு கேட்டுவிட்டு மறந்திருப்பாள்.

இரண்டு வருஷம் கழித்து பதுளையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தான் கிஷாந்தன், ஒரு காப்புறுதிக் கம்பனியின் முகவர். கழுத்துப்பட்டி கட்டிய பையன். நல்லவன்தான், வாய் மட்டும் அவசரம். வீட்டுக் கூரைக்குக் காப்புறுதி உண்டு என்று அவன் சொன்னதும் பெரியாயி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"காத்து தூக்குனா குடுப்பீங்களா?"

"காத்து, மழை, இடி எல்லாத்துக்கும் குடுப்போம் அம்மா."

அவன் நீட்டிய பத்திரம் ஆறு பக்கம், ஆறும் இங்கிலீஷ். அவன் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். கிளம்பும்போது அவன் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடியே சொன்னான்.

"ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சிக்குங்க அம்மா. கூரை போனா யாரும் கை வைக்கக் கூடாது. எங்க ஆள் வந்து பாத்துப் படம் எடுக்கணும். அதுக்குள்ள சரி பண்ணிட்டீங்கன்னா ஒண்ணும் கெடைக்காது."

ஆறு பக்கத்தில் அவளுக்குத் தெரிந்தது அந்த ஒரு வாக்கியம்தான். அதை அவள் மாரியம்மன் வாக்காக எடுத்துக்கொண்டாள். மறுநாள் பைப்படியில் ரெங்கம்மாவின் குடத்தைப் பார்த்து, "இனிமே என் கூரைல யாரும் ஓசியில ஏற வேணாம். கம்பனி காசு குடுக்கும், கூலி குடுத்து ஏத்துவேன்" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நடந்தாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்கள். அன்றைக்கு ஊதினாள்.

இனி கடைசி அறையில் இருந்தவர்களைச் சொல்ல வேண்டும். லரீபா, அவளுடைய தாய் ஸித்தி ஸுபைதா. தொண்ணூற்று ஆறில் ஒரு தையல் மெஷினோடு வந்து சேர்ந்தவர்கள். லரீபாவின் புருஷன் எங்கோ போனவன் போனவன்தான். டவுனில் பாதிப் பேருக்குச் சட்டை தைப்பது அவள். ஸித்தி ஸுபைதாவுக்கு மூச்சிழுப்பு. அவருக்கும் பெரியாயிக்கும் ஏறக்குறைய ஒரே வயது. சாயங்காலமானால் இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து டவுனில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதைக் கணக்கெடுப்பார்கள். நோன்பு மாதத்தில் தினமும் ஒரு கிண்ணம் கஞ்சி முதல் அறைக்கு வரும். ஏழு வருஷத்தில் வாடகை வாங்குகிற உறவு எப்போதோ மாறிப்போயிருந்தது. லரீபா அவளைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். பிள்ளை இல்லாதவளுக்கு அந்தச் சொல்லின் ருசி தெரியும்.

அந்த வருஷம் தீபாவளி முடிந்து மூன்றாம் நாள் நோன்பு பிடித்தது. லரீபாவுக்கு மூச்சுவிட நேரமில்லை. பெருநாள் உடுப்புக்கு டவுனிலிருந்தும் பசறையிலிருந்தும் துணி வந்து குவிந்திருந்தது. வருஷத்தில் அந்த ஒரு மாதம்தான் அவளுக்கு அறுவடை. மற்ற மாதங்களை அதை வைத்துத்தான் ஓட்டுவாள்.

நோன்பின் ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, பின்னேரம் நாலு மணிக்கு வானம் கறுத்தது. இடி, அதற்குப் பின்னால் காற்று. பெரியாயி அடுப்பில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். கடைசி அறைப் பக்கம் ஏதோ நீளமாகக் கிழிகிற சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் லரீபா மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தபடி மேலே பார்த்துக்கொண்டிருக்கிறாள், மேலே வானம். பத்துத் தகரத்தில் ஒன்பது போய்விட்டது. மிச்சம் ஒன்று ஒற்றை ஆணியில் தொங்கியது.

யாருக்கும் அடிபடவில்லை. ஸித்தி ஸுபைதாவை இரண்டு பேருமாய்த் தாங்கி முதல் அறைக்கு நகர்த்தினார்கள். அதற்குள் மழை விட்டுவிட்டது. அரை மணி நேரம் ஆகியிருக்காது, படிக்கட்டில் ஆள் இறங்கும் சத்தம். பொன்னையா, பின்னால் எட்டுப் பேர், கையில் சுத்தியல். சரிவுப் பக்கம் பார்த்தால் ரெங்கம்மாவும் நாலைந்து பெண்களும் ஏற்கெனவே தேயிலைக்குள் இறங்கித் தகரத்தைத் தலையில் வைத்து ஏறி வந்துகொண்டிருந்தார்கள். பைப்படியில் என்ன பேசினால் என்ன, தகரம் பறந்தால் கால் தானாக வந்துவிடும். அதுதான் அந்த ஜனங்களின் குணம்.

பெரியாயி படிக்கட்டின் கீழே குறுக்கே நின்றாள். தலைப்பைச் செருகினாள்.

"யாரும் கை வைக்காதீங்க."

பொன்னையாவுக்குப் புரியவில்லை. "என்னக்கா, இன்னம் ஒரு மழ இருக்கு மேல. அது எறங்குறதுக்குள்ள போட்டுருவோம், தள்ளுங்க."

"இன்சூரன்ஸ் ஆளு வந்து பாக்கணும். படம் எடுக்கணும். எல்லாம் இருக்குறபடி இருக்கணும்."

"வந்து பாக்கட்டும். கூரை எங்க ஓடிரப் போவுது?"

"கூரை இருந்தா அப்புறம் என்னத்தப் பாப்பாங்க?"

பொன்னையா தலையைச் சொறிந்தான். அந்த நேரம் ரெங்கம்மா முதல் தகரத்தைச் சுவரோரம் சாய்த்துவைத்தாள். அப்போதுதான் பெரியாயி அந்த வார்த்தையைச் சொன்னாள். நமுனுகுலவில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிற வார்த்தை.

"அத எடுத்த எடத்துலயே கொண்டுபோய்ப் போட்டுருங்க."

தலையில் தகரத்தோடு நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பறந்த தகரத்தைத் தேடி எடுத்து வருவதற்குப் பழக்கப்பட்டவர்கள், திரும்பவும் கொண்டுபோய்த் தேயிலைக்குள் போடு என்று ஒருத்தி சொல்லி அவர்கள் கேட்டதில்லை.

"ஒங்களுக்குப் புத்தி கித்தி கலங்கிருச்சாக்கா?" என்றான் பொன்னையா.

"கலங்கல. நீங்க ஓசியில வந்து ஏறுறதும் வேணாம், அப்புறம் அதக் குத்திக் காட்டுறதும் வேணாம். கம்பனி குடுக்கும். கூலிக்குக் கூப்புடுவேன், அப்ப வாங்க."

ரெங்கம்மாவின் முகம் சிவந்தது. தகரத்தைத் திரும்பத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினாள். மற்றவர்களும் இறங்கினார்கள். எங்கே எடுத்தோம் என்று ஞாபகம் வைத்துக்கூட ஒவ்வொன்றாகப் போட்டார்கள். ஒருத்தி, "இப்படிச் சரிச்சா கெடந்துச்சு, நேராவா?" என்று கேட்டாள். கேலிக்குக் கேட்டாளா உண்மையாகவே கேட்டாளா என்பது அவளுக்குத்தான் வெளிச்சம். சுத்தியலோடு வந்த ஆம்பிளைகள் சுத்தியலோடு படியேறிப் போனார்கள்.

லரீபா வந்து பெரியாயியின் கையைப் பிடித்தாள். "பெரியம்மா, மழ வரப் போகுது. துணியெல்லாம் அங்கதான் ஈக்கி. அவங்க போடட்டுமே."

"ஒரு நாள் பொறும்மா. நாளைக்கு வந்துருவாங்க."

மழை ஒரு நாள் பொறுக்கவில்லை. இருட்டுமுன் வந்தது. இரண்டு பேருமாக மெஷினை முதல் அறைக்கு இழுத்துவந்தார்கள், துணி மூட்டைகளில் பாதியைக் கொண்டுவந்தார்கள். மீதிப் பாதி நனைந்துபோயிற்று. பச்சைத் துணியின் சாயம் வெள்ளைத் துணியில் ஏறியிருந்தது.

மறுநாள் காலை பெரியாயி டவுன் கொமியூனிகேஷன் கடைக்குப் போய்ப் பதுளைக்கு டெலிபோன் எடுத்தாள். கிஷாந்தன் பதறிப்போனான். "கவலப்படாதீங்க அம்மா, நாளைக்கே ஆள அனுப்புறேன்." மறுநாள் யாரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் நாளைக்கு என்றான். சேதம் பார்க்கிற மதிப்பீட்டாளர் வெலிமடைப் பக்கம் போயிருக்கிறார் என்றான். பிறகு கொஸ்லந்தையில் ஏதோ கடை சரிந்துவிட்டது, அதை முடித்துவிட்டு வருகிறார் என்றான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி மனசு வைக்க வேண்டாமா?

நாலாம் நாள் அவள் கேட்டாள். "ஒரு பொலித்தீன மட்டும் மேல கட்டிக்கட்டுமா தம்பி? அதுகூடவா ஆகாது?"

அந்தப் பக்கம் பேனாவைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "எதுக்கும் வேணாம் அம்மா. படத்துல பொலித்தீன் தெரிஞ்சா பிரச்சினையாயிரும்" என்றான்.

அவனுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்ல அந்தக் கழுத்துப்பட்டி விடவில்லை.

பெரியாயியின் அறை பத்தடிக்குப் பத்தடி. அதற்குள் அவள் கட்டில், அடுப்பு, ஸித்தி ஸுபைதாவின் பாய், தையல் மெஷின், மூன்று பொம்பிளை. துணி வெட்ட இடமில்லை. கட்டிலில் விரித்து வெட்டினால் கோணிக்கொண்டு போனது. அடுப்பு மூட்டினால் புகையில் வெள்ளைத் துணி மஞ்சளாகும், கிழவிக்கு மூச்சிழுக்கும். மூட்டாவிட்டால் நோன்பு திறக்கக் கஞ்சி இல்லை. நடு அறைக்காரன் தீபாவளிக்குப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனவன் இன்னும் வரவில்லை.

"தகரத்தப் படம் எடுக்கவா இவ்வளவு நாளு?" என்றார் ஸித்தி ஸுபைதா, மூச்சுக்கு நடுவே. "செத்த மையத்தக்கூட இப்பிடிப் போட்டு வெக்கிறதில்லயே பெரியாயி."

பெரியாயி தினமும் காலையில் சரிவில் இறங்கி ஒன்பது தகரத்தையும் எண்ணுவாள். ஒரு தடவை காற்று ஒன்றைப் புரட்டிப் போட்டிருந்தது. அதை முன்பு இருந்த பக்கமே திருப்பிவைத்தாள். கொழுந்து எடுக்க வந்த பெண்கள் தகரத்தைச் சுற்றி நடந்தார்கள். தகரத்துக்கு அடியில் செடி கருகுகிறது என்று கங்காணி வந்து சொன்னார். "இன்னம் ஒரு நாளைக்குத்தாங்க" என்று அவரிடமும் கும்பிட்டாள். யாரிடமும் கும்பிடாமல் இருப்பதற்குத்தான் அவள் காப்புறுதியே எடுத்தது. இப்போது கங்காணி, கொமியூனிகேஷன் கடைக்காரன், பதுளைப் பையன் என்று ஊரெல்லாம் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்படியும் விடவில்லை. அரைக் கிணறு தாண்டியாயிற்று, இனி எங்கே திரும்புவது என்று பிடிவாதம்.

துணி கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சாயம் ஏறிய துணியைப் பார்த்துச் சிலர் திட்டினார்கள். தைக்காத துணியைப் பலர் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். லரீபா யாரோடும் வாதாடவில்லை. யாருடைய துணி எது என்று எடுத்துக் கொடுத்தாள்.

கூரை போன ஒன்பதாம் நாள் பசறையிலிருந்து அவளுடைய மச்சான் ஒருவன் முச்சக்கர வண்டி கொண்டுவந்தான். ஸித்தி ஸுபைதாவால் படியேற முடியவில்லை, இரண்டு இடத்தில் உட்காரவைத்து ஏற்றினார்கள். மெஷினை ஏற்ற பெரியாயி ஒரு பக்கம் பிடித்தாள்.

"ரெண்டே நாள் பொறும்மா" என்றாள். "சத்தியமா வந்துருவாங்க."

"பெருநாளுக்கு இன்னம் ரெண்டு கெழம கூட இல்ல பெரியம்மா" என்றாள் லரீபா.

பதினோராம் நாள் மதிப்பீட்டாளர் வந்தார். இரகுநாதன் என்று பெயர், யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், சப்பாத்தெல்லாம் சேறு. கிஷாந்தனும் கூட வந்தான். அவர் கடைசி அறைக்குள் நின்று சுற்றிப் பார்த்தார். நிலத்துச் சீமெந்து உப்பிப் பெயர்ந்திருந்தது. சுவரில் பாசி பிடிக்கத் தொடங்கியிருந்தது.

"ஏன் அம்மா, பதினொரு நாளா இப்பிடியே விட்டு வச்சிருக்கிறியள்?"

"நீங்க வந்து பாக்கணும்னுதாங்க ஐயா. கை வைக்கக் கூடாதுன்னு சொன்னாங்க."

"ஆர் சொன்னது?"

பெரியாயி கிஷாந்தனைப் பார்த்தாள். கிஷாந்தன் மோட்டார் சைக்கிள் சாவியைப் பார்த்தான்.

இரகுநாதன் பெருமூச்சு விட்டார். "சேதத்தைக் காட்ட வேணும் எண்டுதான் பத்திரத்தில கிடக்கு. மழையில நனைய விடச் சொல்லி எங்கயும் இல்லை. மூடிப் பாதுகாக்கிறது உங்கட கடமை எண்டும் நாலாம் பக்கத்தில கிடக்கு. சரி, தகரம் எங்கை?"

அதற்கு மட்டும் அவளிடம் பதில் தயாராக இருந்தது. சரிவில் முன்னால் இறங்கிக் காட்டினாள். "ஒம்போது. ஒண்ணுகூடக் கொறையல ஐயா. விழுந்த எடத்துலயே வச்சிருக்கேன்."

அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார், படம் எடுத்தார், எழுதினார். பிறகு மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். தகரம் ஒன்றும் தொலையவில்லை. வளைந்ததைத் தட்டி எடுக்கலாம். அப்படியென்றால் நட்டம் என்று சொல்ல ஆணியும் கூலியும்தான். ஒரு அளவுக்குக் குறைந்த நட்டத்துக்குக் கம்பனி கொடுப்பதில்லை. சுவரும் நிலமும் பழுதானது காற்றால் அல்ல, மூடாமல் விட்டதால். அதற்கும் இல்லை.

"அப்ப ஒண்ணுமே இல்லீங்களா?"

"இல்லை அம்மா."

"தகரம் தொலஞ்சு போயிருந்தா?"

அவர் தயங்கினார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "துலைஞ்சிருந்தால் வேற கதை" என்றார்.

பெரியாயி தலைப்பைச் செருகினாள். அந்தச் செருகலில்தான் சேலை கிழிந்தது. "பதினோரு நாளு! ராத்திரி பகலா காவக் காத்தேனே! எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருந்தா குடுத்திருப்பீங்க. காத்து வச்சதுக்கு இல்லையா? ஏண்டா தம்பி, பொலித்தீன் கட்டவான்னு கேட்டேனே, தெரியாதுன்னு ஒரு வார்த்த சொன்னா ஒன் வாயி வெந்தா போயிரும்?"

"எங்களுக்கும் அப்படித்தான் அம்மா சொல்லிக் குடுத்தாங்க" என்றான் கிஷாந்தன். அழுதுவிடுவான் போலிருந்தது. அவனைத் திட்டுவதற்குக்கூட மனம் வரவில்லை. திட்டுவதற்கு யாருமே அகப்படாத கோபத்தைப் போலக் கொடியது வேறு இல்லை. இரகுநாதன் சரியாகத்தான் எழுதினார், பையன் சொல்லிக் கொடுத்ததைத்தான் சொன்னான். பத்திரத்தில் கையெழுத்து அவளுடையது. எல்லாரும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்கள், கூரையைத்தான் காணோம்.

அவர்கள் போனதும் அவள் தொழிற்சாலை வாசலுக்குப் போய் நின்றாள். பொன்னையா வெளியே வந்தான்.

"பொன்னையா, கூலி குடுத்துர்றேன்..." என்று ஆரம்பித்தாள்.

"படம் எடுத்தாச்சா?" என்றான் அவன்.

"எடுத்தாச்சு."

"சரி, போங்க, வாறோம். கூலி கீலின்னு பேசாதீங்க. அதுக்குன்னா வேற ஆள் பாருங்க."

வந்தார்கள். அதே எட்டுப் பேர். பெண்கள் தேயிலைக்குள் இறங்கினார்கள். ரெங்கம்மா இரண்டு இரண்டு தகரமாகத் தூக்கிவந்து சாய்த்தாள், ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. பேசியிருந்தால் பெரியாயிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். திரும்ப ஏதாவது சொல்லியிருக்கலாம். தகரத்தைத் தட்டினார்கள், ஏற்றினார்கள், ஆணி அடித்தார்கள். மூன்றே காலுக்கு ஆரம்பித்தவர்கள் ஐந்தாவதற்குக் கால் மணி இருக்கும்போது இறங்கிவிட்டார்கள். ஒன்றரை மணி நேரம். அவ்வளவுதான் வேலை. பெரியாயி வாசல்படியில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த ஒன்றரை மணி நேரத்துக்காகவா அத்தனையும் என்று நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது.

அன்றைக்கும் மறுநாளும் கடைசி அறையைக் கழுவினாள். சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தாள். ஞாயிற்றுக்கிழமை பசறைக்கு பஸ் ஏறினாள்.

லரீபா ஒரு கடையின் பின்கட்டில், அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் மெஷினைப் போட்டிருந்தாள். இரண்டே இரண்டு சின்னச் சட்டைத் துணிதான் பக்கத்தில் இருந்தது. பெரியாயியைக் கண்டதும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். ஸித்தி ஸுபைதா பாயில் படுத்தபடி, "வா பெரியாயி" என்றார். குரலில் பழைய ஒட்டு இருந்தது. அதனால் பெரியாயிக்குத் தைரியம் வந்தது.

"கூரை போட்டாச்சும்மா. சுவர் அடிச்சிட்டேன். பொன்னையா ஒவ்வொரு தகரத்துக்கும் ரெண்டு ஆணி கூடுதலா அடிச்சிருக்கான். எந்தக் காத்துக்கும் அசையாது. வாடக ஒண்ணும் வேணாம், வருஷம் திரும்புற வரைக்கும் வேணாம். இன்னைக்கே வண்டி பிடிச்சிருவோம்."

லரீபா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கோத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"இல்ல பெரியம்மா."

"என் மேல கோவமா?"

"கூரை போனதுக்கு யார் மேல கோவிக்க? அது அல்லாஹ்ட நாட்டம். துணி நனஞ்சதும் போகட்டும்." அவள் மெஷின் சக்கரத்தில் கையை வைத்து நிறுத்திப் பிடித்திருந்தாள். "அன்டக்கி ரெங்கம்மா தலையில தகரத்தோட நின்டா. பொன்னையாண்ணன் சுத்தியலோட படியில நின்டாரு. நான் உங்கட கையப் புடிச்சிக் கேட்டேன். எங்கட தலைக்கு மேல போட வந்த தகரத்த, நீங்கதானே திரும்பக் கொண்டுபோய்ப் போடச் சொன்னீங்க?"

ஸித்தி ஸுபைதா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"நான் நெனச்சது வேற லரீபா. கம்பனி..."

"எனக்குத் தெரியும் பெரியம்மா. நீங்க கெட்டவங்க இல்ல. ஆனா இனி அந்தப் பக்கம் காத்து அடிச்சா நான் காத்துக்குப் பயப்பட மாட்டேன், உங்களுக்குத்தான் பயப்படுவேன்."

பெரியாயி தலைப்பைத் தேடினாள். அதைப் பிடித்தபடியே நின்றாள், செருகவில்லை. "ஒங்களுக்குக் கஞ்சி குடிக்க நேரமாச்சு, நான் வாறேன்" என்று யாருக்கும் கேட்காத குரலில் சொல்லிவிட்டு, பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள். பின்னால் மெஷின் ஓடத் தொடங்கியது.